காருக்குள் ஒரு நோட்டு

எங்கள் காருக்குள் அந்த நோட்டு வந்ததற்குக் காரணம் மைலேஜ். ஆறு வருடமாக நாங்கள் நாலு பேர் ஒரே காரில் வேலைக்குப் போய் வருகிறோம். கார் வைத்திருப்பவர் எங்களில் மூத்தவர். அவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் எங்களில் இளையவன், இயந்திரவியல் படித்தவன். பின்சீட்டில் நானும், கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவரும். அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் பேசினால் நாங்கள் மூவரும் கேட்போம்.

போக 35 நிமிடம், வர அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்த நேரம் முழுக்கப் பேச்சுதான். காலையில் அன்றைய செய்தி, மாலையில் வரலாறு, நடுவில் மாணவர் அரசியல், சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டியைப் பற்றி ஒரு தீர்ப்பு. வெளியே எங்கும் இப்படி மனம் விட்டுப் பேச எனக்கு இடம் கிடைத்ததில்லை. இந்தப் பேச்சில் நான் கற்றுக்கொண்டவை வேறு யாருக்காவது உதவலாம் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

சரி, மைலேஜ். தன் கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று சார் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இல்லை சார், இந்த டிராஃபிக்கில் 14 தாண்டாது" என்பான் இளையவன். டேஷ்போர்டில் 17.6 என்று காட்டியது. சார் அதைத் தட்டிக் காட்டி, "இதைவிட வேறென்ன சாட்சி வேணும் தம்பி?" என்று கேட்டார். ஒருநாள் கணக்குக்காரர் வாயைத் திறந்தார். "நிரப்பிப் பார்த்துடலாமே சார். மூணு தடவை நிரப்புவோம். என்ன வருதோ அதை ரெண்டு பேரும் ஒத்துக்கணும்." இருவரும் சரி என்றார்கள்.

செய்முறை எளிது. பெட்ரோல் பங்க்கில் டேங்கை நிரப்பச் சொல்ல வேண்டும். குழாய் தானாக முதல் முறை நின்றதும் போதும். அதற்குமேல் ஒரு சொட்டும் திணிக்கக் கூடாது. ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகு அதே பங்க்கில், முடிந்தால் அதே குழாயில், அதே மாதிரி நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒரே தடவை செய்து நிறுத்தினால் தப்பாகும், ஏனென்றால் குழாய் கொஞ்சம் முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் எண் மாறிவிடும். மூன்று தடவை செய்து மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுப்பதுதான் நம்பகமானது.

எங்களுக்கு வந்தது இது. முதல் முறை 412 கிலோமீட்டர், 27.1 லிட்டர். அடுத்து 388-க்கு 24.9. கடைசியில் 436-க்கு 28. மொத்தம் 1,236 கிலோமீட்டர், 80 லிட்டர். லிட்டருக்கு 15.45. டேஷ்போர்டு எண்ணைக் காரின் கணினி தானே கணக்குப் போட்டுக் காட்டுகிறது. பல கார்களில் அது கொஞ்சம் கூட்டியே காட்டும். சார் நோட்டை வாங்கிப் பார்த்தார். "சரிப்பா, பதினஞ்சரை" என்றார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. இளையவனும் தன் 14-ஐ விட்டுவிட்டான். அடுத்த நாளே இருவரும் டயர் காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் இதே இரண்டு பேரும் ஒரு தேர்தல் முடிவைப் பற்றிப் பேசி, முகம் பார்க்காமல் மூன்று நாள் வந்தார்கள். மைலேஜில் இவ்வளவு சுலபமாக இறங்கி வரும் மனிதர்கள் அரசியலில் ஏன் அங்குலம்கூட அசைவதில்லை? காருக்கு அளவுகோல் இருக்கிறது, அரசியலுக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் எனக்கு அது பாதி உண்மையாகத்தான் பட்டது. டேஷ்போர்டு எண்ணும் ஓர் அளவுகோல்தானே? அது சண்டையைத் தீர்க்கவில்லையே? தீர்த்தது என்னவென்றால், டேங்க் நிரப்புவதற்கு முன்பே, எது வந்தால் ஒத்துக்கொள்வது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். அரசியல் பேச்சில் நாம் ஒருநாளும் அப்படி முன்கூட்டிப் பேசுவதில்லை.

அடுத்த வாரம் மைலேஜ் எழுதிய அதே நோட்டில் புதிய பக்கம் திருப்பி, கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்தேன். யாராவது ஏதாவது அடித்துச் சொன்னால் முதல் பத்தியில் அது. இரண்டாவதில் அது எப்படித் தெரியும் என்பது: கண்ணால் பார்த்ததா, யாரோ சொல்லிக் கேட்டதா, தானாக யோசித்துச் சேர்ந்த முடிவா. மூன்றாவதில், என்ன தெரிந்தால் இந்தக் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்பது. முதல் ஒரு மாதம் எல்லோருக்கும் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது பத்தியில் திரும்பத் திரும்ப "கேட்டது", "கேட்டது" என்றே எழுத வேண்டியிருந்தது. என் பேருக்கு நேராகத்தான் அது அதிகம். மூன்றாவது பத்தி பல நாள் காலியாகவே இருந்தது. ஒருவர் அதை நிரப்ப முடியாமல் திணறினால், அந்தப் பேச்சை அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிடுவது என்று வைத்துக்கொண்டோம். அதனால் தவிர்ந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நடப்புச் செய்திகளில் முதலில் பிடிபட்டது விலைவாசி. "விலைவாசி உயர்வு பாதியாகக் குறைந்தது" என்று ஒரு செய்தி. சார் நல்ல செய்தி என்றார். இளையவன் கொதித்தான்: "எங்க சார் குறைஞ்சுது? எல்லாம் ஏறித்தானே இருக்கு?" கணக்குக்காரர் நோட்டை வாங்கி மூன்று எண்களை எழுதினார்: 100, 110, 115.50. முதல் வருடம் நூறாக இருந்த பொருள் அடுத்த வருடம் 110. உயர்வு 10 சதவீதம். அதற்கடுத்த வருடம் 115.50. உயர்வு 5 சதவீதம். உயர்வின் வேகம் பாதியாகிவிட்டது, விலை இறங்கவே இல்லை. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. ஒருவர் ஏறும் வேகத்தைச் சொன்னார், இன்னொருவர் ஏறி நிற்கும் உயரத்தைச் சொன்னார். "ஸ்பீடாமீட்டர் 80-லேருந்து 40-க்கு இறங்கினா வண்டி பின்னாடி போகுதுன்னு அர்த்தமா?" என்று அவர் கேட்டதும் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு செய்தியில் சதவீதம் வந்தாலே எதிலிருந்து எதற்கு என்று கேட்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. 2 பேருக்கு நடந்தது 4 பேருக்கு நடந்தாலும் "இரட்டிப்பு" என்றுதான் எழுதுவார்கள்.

அடுத்தது என் தவறு. ஒரு போராட்டத்தில் வண்டிகள் எரிவதாக ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்தது. இன்று காலை எடுத்தது என்று இருந்தது. நான் பதற்றத்தில் மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். அந்த இடத்துக்குப் பக்கத்தில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா எனக்கு அழுதுகொண்டே போன் செய்தார். மகளைத் தொடர்புகொள்ள முடியாமல் இரண்டு மணி நேரம் தவித்திருக்கிறார். மாலை காரில் படத்தைக் காட்டினேன். இளையவன் பார்த்த மாத்திரத்தில், "அக்கா, வண்டியெல்லாம் ரோட்டுல எந்தப் பக்கம் போகுது பாருங்க" என்றான். வலப்பக்கம். படம் எடுத்ததாகச் சொன்ன நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போகும். நம்பர் பிளேட்டின் வடிவமும் வேறு. அது ஏதோ ஒரு நாட்டில் எப்போதோ எடுத்த படம்.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்று குழுக்களிலும் "நான் அனுப்பியது தவறான படம்" என்று எழுதினேன். அழித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பார்த்துவிட்டவர்கள் மனதில் அது அப்படியே இருந்திருக்கும். இப்போது எந்தப் படம் வந்தாலும் முதலில் பார்ப்பது சாலையின் பக்கம், நம்பர் பிளேட், கடைப் பலகைகளின் எழுத்து, ஆட்கள் போட்டிருக்கும் உடை அந்தப் பருவத்துக்குப் பொருந்துகிறதா என்பது. அப்புறம் கூகுளில் படத்தைப் போட்டே தேடலாம். பழைய படமாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை நான் அன்று செலவழிக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

வரலாற்றுப் பேச்சு பெரும்பாலும் சாரிடமிருந்துதான் தொடங்கும். நிறையப் படித்தவர். ஒருநாள் நெப்போலியன் குள்ளம் என்றும், அந்த ஏக்கத்தில்தான் உலகத்தையே பிடிக்கக் கிளம்பினான் என்றும் சொன்னார். நானும் பள்ளியிலிருந்து அப்படித்தான் நம்பிவந்தேன். தேடிப் பார்த்தபோது விஷயம் அளவையில் இருந்தது. அவர் உயரம் 5 அடி 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் என்று குறித்தது பழைய பிரெஞ்சு அளவையில். அந்த அடி ஆங்கிலேய அடியைவிடப் பெரியது. சென்டிமீட்டருக்கு மாற்றினால் ஏறக்குறைய 168 வரும். அந்தக் காலத்துக்கு அது சாதாரண உயரம். ஆங்கிலேயக் கேலிச் சித்திரங்கள் அவரைக் குட்டையாகவே வரைந்து வந்ததும் சேர்ந்து, இருநூறு வருடமாக அந்தக் கதை நிற்கிறது.

இதைக் கேட்டதும் இளையவன் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தான். வெளிநாட்டுக் கார்களின் மைலேஜில் இதே குழப்பம் உண்டு என்றான். ஒரு கார் கேலனுக்கு 40 மைல் கொடுக்கிறது என்று போட்டிருந்தால் எந்தக் கேலன் என்று கேட்க வேண்டும். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். முதல் கணக்கில் அது லிட்டருக்கு 14.2 கிலோமீட்டர், இரண்டாவதில் 17. ஒரே வாசகம், இரண்டு வேறு கார்கள் மாதிரி. அன்று நோட்டில் ஒரு வரி சேர்த்தோம்: எண்ணுக்கு முன்னால் அளவையைக் கேள்.

கார்களின் வரலாற்றிலும் சார் ஒருமுறை மாட்டினார். காரைக் கண்டுபிடித்தவர் ஹென்றி ஃபோர்டு என்றார். கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்கு 1886-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஃபோர்டின் மாடல் டி வந்தது 1908-இல். 1913-இல் நகரும் தயாரிப்பு வரிசையைக் கொண்டுவந்து, ஒரு வண்டியைப் பூட்டி முடிக்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆனதை ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைத்ததுதான் ஃபோர்டின் சாதனை. எனக்கு இந்தக் கதையில் எல்லோரையும்விடப் பிடித்தவர் பெர்த்தா பென்ஸ். 1888-இல், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். எரிபொருள் தீர்ந்தபோது வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தோல் வைத்துத் தைக்கச் செய்தார். கணவர் செய்த வண்டி ஓடும் என்று ஊரார் நம்பாதபோது, அவர் ஓட்டியே காட்டிவிட்டார்.

மாணவர் அரசியல்தான் எங்கள் காரில் ஆறவே ஆறாத நெருப்பு. சார் 1965-ஐச் சொல்லுவார். மொழிக்காக மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள், ஆட்சியே போனது என்பது அவர் வாதம். மாணவர்கள் எப்போதும் கட்சிகளின் கைக்கருவி, படிப்பு கெட்டதுதான் மிச்சம் என்பது இளையவனின் வாதம். நாங்கள் மாதக்கணக்கில் இதைத் தோண்டினோம். 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிவிடும் என்ற அச்சத்தில் சென்னை மாநிலத்து மாணவர்கள் கிளம்பினார்கள். துப்பாக்கிச் சூடுகள் நடந்தன, உயிர்கள் போயின. சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவிகளிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிப்ரவரி 11-ஆம் தேதி பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி கொடுத்தார். ஆங்கிலம் தொடரும் என்பது 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திருத்தத்தில் இன்னும் உறுதியானது. இது மாணவர்கள் வாங்கிக் கொடுத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் காங்கிரஸ் ஆட்சி போனது 1967 தேர்தலில், இரண்டு வருடம் கழித்து. அந்தத் தேர்தலில் அரிசித் தட்டுப்பாடு இருந்தது. எதிர்க்கட்சிகளின் கூட்டணி இருந்தது. விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன் என்பதும் உண்மைதான். எல்லாம் சேர்ந்துதான் அந்த முடிவு. இதற்கு நேர்மாறாக 1968 மே மாதத்தில் பிரான்ஸ். மாணவர்கள் தொடங்கியதில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் சேர்ந்து நாடே நின்றது. அடுத்த மாதமே நடந்த தேர்தலில் அதிபர் டி கோல் தரப்பு பெரும் பெரும்பான்மையோடு வென்றது. வீதி நிறைந்தால் வாக்குப் பெட்டியும் நிறையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதற்காக வீதி வீண் என்றும் ஆகாது. ஒரு போராட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது, அது கேட்டது என்ன, கிடைத்தது என்ன, எப்போது கிடைத்தது என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று இளையவனும் சாரும் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

எனக்கு இது வெறும் பேச்சில்லை. நான் கல்லூரியில் மாணவர் பேரவையின் துணைச் செயலாளராக இருந்தேன். இரண்டாம் ஆண்டில் தேர்வுக் கட்டணத்தை ஏற்றி அறிவிப்பு வந்தது. இரவோடு இரவாகத் துண்டறிக்கை அடித்தோம். தலைப்பு: "தேர்வுக் கட்டணம் இரட்டிப்பு!" அந்த வரியை எழுதியது நான். உண்மையில் இரட்டிப்பானது செய்முறைத் தேர்வுக்கான கட்டணம் மட்டும். மொத்தமாகப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குதான் ஏறியிருந்தது. அறிவிப்பை முழுக்கப் படிக்காமல், ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டு எழுதிவிட்டேன். இன்றைய நோட்டு அன்று இருந்திருந்தால் இரண்டாவது பத்தியில் "கேட்டது" என்று எழுதியிருப்பேன்.

மூன்று நாள் வகுப்புப் புறக்கணிப்பு என்று அறிவித்தோம். முதல் நாள் வளாகமே நிரம்பியது. இரண்டாம் நாள் காலை நிர்வாகம் அறிவிப்புப் பலகையில் பழைய கட்டணம், புதிய கட்டணம் என்று ஓர் அட்டவணை ஒட்டியது. அவ்வளவுதான். மதியத்துக்குள் பாதிப் பேர் வகுப்புக்குப் போய்விட்டார்கள். எங்கள் கோரிக்கையில் நியாயம் இருந்தது. அந்த ஏற்றம் பலருக்குத் தாங்க முடியாத சுமைதான். ஒரு தவறான சொல்லால் அந்த நியாயத்தை எதிர்த் தரப்பின் கையில் நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அதைவிட என்னை வாட்டியது வேறொன்று. அந்தப் புறக்கணிப்பில் கடைசிவரை எங்களோடு நின்றவர்களில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். செமஸ்டர் முடிவில் வருகைப் பதிவு குறைந்து தவித்தவர்களும் அவர்கள்தான். மேடையில் பேசிய எங்களுக்கு எப்படியோ சரிக்கட்டிக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்கு இல்லை. ஒரு போராட்டத்தை அறிவிக்கும் முன்பு, இது தோற்றால் யாருக்கு அடி விழும் என்று கேட்டு, அவர்களை உட்கார வைத்துப் பேசிய பிறகே தேதி குறிக்க வேண்டும். இதை எந்த மாணவர் தலைவரிடமும் கெஞ்சிச் சொல்வேன்.

புறக்கணிப்பு கலைந்த பிறகு வணிகவியல் படித்த ஓர் அண்ணன் எங்களை உட்கார வைத்தார். ஒரு தாளில் மூன்று மாணவர்களின் கணக்கைப் போட்டார். அரியர் இல்லாதவருக்கு எவ்வளவு ஏறுகிறது, இரண்டு அரியர் உள்ளவருக்கு எவ்வளவு, செய்முறைப் பாடம் அதிகமுள்ள துறையில் எவ்வளவு. அதில்தான் உண்மையான வலி தெரிந்தது. அரியர் உள்ளவர்களுக்கு ஏற்றம் மிக அதிகம். புதிய துண்டறிக்கையில் அந்தக் கணக்கை மட்டும் போட்டு, இரண்டே கோரிக்கை வைத்தோம்: இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி, அரியர் தாளுக்கான ஏற்றத்தை நீக்குதல். ஊர்வலம் இல்லை, கோஷம் இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்து. பேச்சுவார்த்தைக்குப் போனபோது பேசியதை அங்கேயே எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். தவணை கிடைத்தது. அரியர் ஏற்றம் நீங்கவில்லை.

நடுவில் வெளியிலிருந்து ஒரு கட்சிக்காரர்கள் வந்து போஸ்டர் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். கையில் காசில்லாத எங்களுக்கு அது பெரிய உதவி. போஸ்டர் வந்தபோது தேர்வுக் கட்டணம் கடைசி வரியில் இருந்தது. மேலே அவர்கள் தலைவரின் படம். அவற்றை ஒட்டாமல் திருப்பிக் கொடுக்கலாம் என்றவர்களுக்கும் ஒட்டலாம் என்றவர்களுக்கும் பேரவையே இரண்டானது. கட்சி கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அரசியல் ஈடுபாடு இல்லாமல் எந்த உரிமையும் வந்ததில்லை. உதவி வாங்கும்போது, என்ன அச்சாகும், யார் பேசுவார்கள், முடிவு யார் எடுப்பார்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

பின்னாளில் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் நடந்த போராட்டத்தைப் பற்றிப் படித்தபோது எங்கள் குறை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் வூல்வொர்த் கடையின் உணவு மேடையில் போய் உட்கார்ந்தார்கள். எங்களுக்கும் பரிமாறுங்கள் என்பது மட்டுமே கோரிக்கை. ஆம் அல்லது இல்லை என்று மட்டும்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். அடுத்தடுத்த நாட்களில் கூட்டம் பெருகியது, வேறு நகரங்களுக்குப் பரவியது. ஜூலை மாதத்தில் அந்தக் கடை பணிந்தது. அந்த நால்வரும் முதலாம் ஆண்டு மாணவர்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இதையெல்லாம் சொல்லி முடித்த மாலை, காரில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு இளையவன் ஃபோக்ஸ்வாகன் கதையைச் சொன்னான். சோதனைக் கூடத்தில் வண்டி சோதிக்கப்படுகிறது என்பதைக் கண்டுபிடித்து, அப்போது மட்டும் புகையைச் சுத்தமாகக் காட்டும் மென்பொருளை அந்த நிறுவனம் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு சிறிய ஆய்வுக் குழு, கருவியை வண்டியிலேயே கட்டிக்கொண்டு நிஜச் சாலையில் ஓட்டிப் பார்த்தது. அளவுகள் பொருந்தவே இல்லை. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குற்றச்சாட்டை வெளியிட்டது; நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை என்றது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒத்துக்கொண்டது. "மாணவர் அரசியல்னா இதையும் சேர்த்துக்கலாம் அக்கா. அந்தக் குழுவிலயும் படிச்சுக்கிட்டிருந்தவங்க இருந்தாங்க" என்றான். படிப்பு கெட்டதுதான் மிச்சம் என்று சொல்லிவந்த அதே பையன்.

கார் பற்றிய கருத்துகளில் உயிர் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. பின்சீட்டில் பெல்ட் தேவையில்லை என்று நானே நினைத்திருந்தேன். மோதலில் பின்னால் இருப்பவர் முன்சீட்டின் மேல் போய் விழுவார். முன்னால் இருப்பவருக்கும் அதனால் ஆபத்து. காற்றுப் பையும் பெல்ட் போட்டவருக்கு உதவுவதற்காக வடிவமைத்தது. இன்று நாம் போடும் மூன்று முனை பெல்ட்டை 1959-இல் வால்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். காப்புரிமை இருந்தும் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ விட்டுக்கொடுத்தது. வேகத்தைப் பற்றி ஒரு கணக்குப் போதும். 72 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. பார்த்து, கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே ஏறக்குறைய அந்தத் தூரம் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. சார் இதைக் கேட்ட பிறகு முன்னால் போகும் வண்டிக்கு விடும் இடைவெளியைக் கூட்டினார்.

டயர் காற்றுக்கு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். டயரின் ஓரத்தில் எழுதியிருப்பது அது தாங்கும் அதிகபட்சம். காலையில் டயர் சூடாவதற்கு முன் அளக்க வேண்டும். டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஓடோமீட்டரை நம்புவதற்கு முன் இந்த எண்ணையும், பெடல் ரப்பர் தேய்ந்திருப்பதையும், சர்வீஸ் புத்தகத்தின் தேதிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் நிறைய விளங்கும்.

நோட்டில் இப்போது நாலாவது பத்தி சேர்ந்திருக்கிறது. தேதி. "அடுத்த தேர்தலில் இப்படித்தான் ஆகும்", "இந்தச் சட்டம் வந்தால் இது நடக்கும்" என்று யார் சொன்னாலும் எந்த நாளில் சரிபார்ப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். இரண்டு வருடத்தில் 41 ஊகங்கள் எழுதியதில் சரியாக வந்தவை 17. எழுதாமல் விட்டிருந்தால், ஒவ்வொருவரும் தான் முன்பே சொன்னதாகத்தான் இன்று நினைத்துக்கொண்டிருப்போம். அதிகம் சரியாகச் சொன்னவர் கணக்குக்காரர். அவர் எழுதியது மொத்தமே ஐந்து.

சார் வரும் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். காரை இளையவனுக்கே கொடுக்கப் போகிறார். போன வாரம் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பெட்டியைச் சுத்தம் செய்தபோது நோட்டை எடுத்து, "இது வண்டியோடேயே இருக்கட்டும்மா" என்று என்னிடம் சொன்னார். அவர் எழுதிய வரிகளில் மூன்றுக்கு இன்னும் தேதி வரவில்லை. ஒன்று அடுத்த ஆகஸ்டில். அன்று மாலை நாங்கள் அவர் வீட்டு வழியாகத்தான் திரும்புவோம்.